பொதிகையில் கடைசிப் பெர்த்

மேற்குத் தொடர்ச்சி மலை தன் கிழக்குச் சரிவை முடித்துக்கொண்டு நெல் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடம்விடுகின்ற எல்லையில், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளின் அண்மையில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்திருக்கும் ஊர் கூமாப்பட்டி. 2025 ஜூன் மாதத்தில் கைப்பேசிக் காணொளிகள் சிலவற்றால் அவ்வூர் திடீரென்று தமிழகமெங்கும் பிரசித்தி பெற்ற கதையை வாசகர்கள் அறிவார்கள். அதைப் பற்றி எழுத வேறு பேர் இருக்கிறார்கள். இங்கே நான் எடுத்துக்கொண்ட விஷயம், அவ்வூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கிருஷ்ணன்கோவிலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் படிக்கப் போகின்ற பிள்ளைகள் இறுதியாண்டில் எதிர்கொள்ளும் நேர்முகத் தேர்வு. கிருஷ்ணன்கோவிலில் 1984 இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. இராஜபாளையத்திலோ, சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலையிலிருந்து கிளைத்த தொழிற்குழுமமே பிற்காலத்தில் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தையும் தோற்றுவித்தது. சம்பளம், சரக்கு, கணக்கு ஆகியவற்றைக் காக்கின்ற அத்தகைய மென்பொருளுக்கெல்லாம் உயிர்நிலை தரவுத்தளமே. ஆகையால் ‘டேட்டாபேஸ்’ என்னும் சொல் இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. கேம்பஸ் இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேள்வி வராத நாளும் இல்லை.

வருகின்ற கேள்விகள் எத்தகையவை என்பதில்தான் என் ஆட்சேபம். பிரைமரி கீ என்றால் என்ன, நார்மலைசேஷனில் எத்தனை படிகள், இன்னர் ஜாயினுக்கும் அவுட்டர் ஜாயினுக்கும் என்ன வித்தியாசம் என்பன போன்ற வினாக்களும் அவற்றுக்குரிய விடைகளும், முந்தின வருஷத்து மாணவர்கள் விட்டுச்சென்ற நகல் தாள்களில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. இரண்டு இரவு கண்விழித்தவன் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். அவனைத் தேர்ந்தெடுத்த அதிகாரி, ஆறு மாதம் கழித்து, பயல் இத்தனை தெரிந்தவனாக இருந்தும் ஒன்றும் ஓடவில்லையே என்று வியப்படைவார். வியப்பதற்கு ஏதுமில்லை, அவர் பரீட்சித்தது ஞாபகசக்தியை மாத்திரமே.

இத்துறையில் இந்த ஏமாற்றம் விசேஷமாக நேர்வதற்கு ஒரு சரித்திர காரணம் உண்டு. 1970 ஜூன் மாதத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர், தரவுகளை அட்டவணைகளாக, அதாவது கணிதத்தில் உறவுகள் எனப்படுகின்றவையாகப் பாவித்து, வேண்டியது இன்னது என்று மாத்திரம் சொன்னால் அதை எப்படித் தேடி எடுப்பது என்பதை இயந்திரமே தீர்மானித்துக்கொள்ளும்படி செய்யலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்பெல்லாம் நிரலை எழுதுகிறவர், எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்குச் செல்வதென்ற பாதை முழுவதையும் தாமே வகுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. காட் வகுத்த நெறியைப் பின்பற்றி, அதே நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974 இல் அமைத்த மொழியே இன்று எஸ்.க்யூ.எல். என்று உலகெங்கும் வழங்குகிறது. 1981 இல் காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது. இவ்வளவு பெரிய சௌகரியத்துக்கு ஒரு விலையும் இருந்தது: உள்ளே நடப்பதை அறியாமலே பத்து வருஷம் எஸ்.க்யூ.எல். எழுதி உத்தியோகம் பார்த்துவிட ஒருவனால் முடியும் என்பதே அது. வினவும் மொழியைச் சரளமாக எழுதத் தெரிந்தவனுக்கும், அதன் அடியில் இயங்குவதைத் தெரிந்தவனுக்கும் சாதாரண நாளில் பேதம் தெரிவதில்லை. இருவர் ஒரே சமயத்தில் ஒரே பதிவைத் தொடும்போதும், மின்சாரம் நிற்கும்போதும், ஆயிரம் வரி கோடி வரியாகும்போதும்தான் அந்த பேதம் வெளிப்படுகிறது. நேர்முகத்தில் கேட்கத்தக்க கேள்விகள் இந்தச் சந்தர்ப்பங்களிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது, இருவர் மோதுகின்ற சந்தர்ப்பம். செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூருக்குச் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று செல்கிறது. பொங்கல் முடிந்து எல்லாரும் சென்னைக்குத் திரும்புகின்ற நாளில் ஒரே ஒரு பெர்த் மிச்சமிருக்கிறதென்றும், அதை இராஜபாளையம் நிலையத்துக் கவுன்டரில் நிற்பவர் ஒருவரும், கூமாப்பட்டியில் தம் வீட்டுத் திண்ணையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் ஒரே விநாடியில் கேட்கிறார்களென்றும் வைத்துக்கொண்டு, “இப்போ என்ன நடக்கும், தம்பி?” என்று கேட்க வேண்டும். “டிரான்ஸாக்ஷன் போட்டா போதும் சார்” என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். போதாது. ஒரு டிரான்ஸாக்ஷன் மிச்சம் ஒன்று என்று படிக்கிறது; மற்றொன்றும் அதே விநாடியில் மிச்சம் ஒன்று என்றே படிக்கிறது; இரண்டும் தத்தம் கணக்கில் ஒன்றைக் கழித்துப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, இரண்டு பிரயாணிகளுக்கும் சீட்டுக் கொடுத்துவிடுகின்றன. பெரும்பாலான தரவுத்தளங்களில் நாம் வேறாகச் சொல்லாதவரையில் அமலில் இருக்கின்ற தனிமை நிலை, அதாவது ஒரு டிரான்ஸாக்ஷனை மற்றொன்றிலிருந்து எவ்வளவு பிரித்துவைப்பது என்ற ஏற்பாடு, இந்த விபத்தைத் தடுப்பதில்லை.

இதை அறிந்த இளைஞன் அடுத்தபடியாகப் பரிகாரங்களைச் சொல்லத் தொடங்குவான். படிக்கும்போதே அந்த வரியைப் பூட்டிவிடலாம். அப்போது முதலாமவர் முடிக்கும் வரையில் இரண்டாமவர் காத்திருப்பார். அல்லது, படிப்பதென்றும் எழுதுவதென்றும் பிரிக்காமல், மிச்சம் பூஜ்யத்துக்கு மேலிருந்தால் மாத்திரம் ஒன்றைக் கழி என்று ஒரே வாக்கியத்தில் ஆணையிட்டு, எத்தனை வரி மாறிற்று என்று பார்க்கலாம். ஒன்று மாறியிருந்தால் சீட்டு உண்டு, பூஜ்யமானால் இல்லை. அல்லது, வண்டி, தேதி, பெட்டி, பெர்த் நான்கும் சேர்ந்த சேர்க்கை அட்டவணையில் இருமுறை வரக்கூடாதென்று விதித்துவிட்டு, இரண்டாவதாக வருபவரைத் தரவுத்தளமே நிராகரிக்கும்படி செய்யலாம். இம்மூன்றாவது விடையைச் சொன்னவனை உடனே பாராட்டிவிடாமல், “மதுரை வரைக்கும் ஒருத்தர், மதுரையிலேருந்து இன்னொருத்தர் அதே பெர்த்துல போகலாமே?” என்று மேலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். அப்பொழுது ஒரு பெர்த்துக்கு ஒரே வரி என்ற விதி உடைந்துபோகிறது. பிரயாணத் தூரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியலாகாது என்ற வேறு வகை விதி வேண்டியதாகிறது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் இத்தகைய விதியை நேராகவே எழுதுவதற்கு வசதியுண்டு. மற்றவற்றில் வேறு உபாயம் தேட வேண்டும். விடையை அவ்விடத்தில் அறியாதவனாயினும், தன் பழைய விடை ஏன் பொய்த்தது என்பதை மேசைமேல் தாளில் கோடு கிழித்து விளக்குகிறவனை நான் தயங்காமல் எடுத்துக்கொள்வேன்.

இதிலும் சூட்சுமமான மோதல் ஒன்று உண்டு. அதில் இருவரும் ஒரே வரியைத் தொடுவதுகூட இல்லை. அணையில் மதகைக் கவனிக்கும் லஸ்கர்கள் இருவர் பணியாற்றுகிறார்கள் என்றும், அவர்களில் ஒருவராவது எந்நேரமும் பணியில் இருந்தாக வேண்டுமென்பது விதி என்றும் கொள்வோம். இருவரும் ஒரே கணத்தில் விடுப்புக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருடைய விண்ணப்பமும், மற்றவர் பணியில் இருக்கிறார் என்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, தன் வரியை மாத்திரம் விடுப்பு என்று மாற்றுகிறது. ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனும் தான் தொடங்கிய கணத்துத் தோற்றத்தையே கண்டுகொண்டிருக்கும் முறையில் இரண்டும் வெற்றி பெறும். மதகுக்கு அருகில் யாரும் இரார். 1995 இல் ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும் எழுதிய விமர்சனக் கட்டுரையொன்று, தனிமை நிலைகளைப் பற்றிய அமெரிக்கத் தர விதிகள் இத்தகைய பிழைகளுக்குச் சரியாக இடம் கொடுத்து வரையறுக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டியது. அதன் பின்னரும், உச்சநிலைத் தனிமை என்று பெயரிட்டுக்கொண்டே இப்பிழையை அனுமதிக்கும் தரவுத்தளங்கள் சந்தையில் இருந்துவந்தன. போஸ்ட்கிரெஸ் இதை உண்மையிலேயே தடுக்கும் முறையைக் கைக்கொண்டது 2011 இல்தான். புதிதாகப் படிப்பு முடித்த பிள்ளையிடம் இதைக் கேட்பது நியாயமன்று. பத்து வருஷ அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதிவந்தவரிடம் கேட்காமல் விடுவதும் நியாயமன்று.

இரண்டாவது சந்தர்ப்பம் மின்சாரம் நிற்பது. நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த இராஜபாளையத்தில் யாருக்கும் இதை வருணிக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கிலிருந்து ஐயாயிரம் ரூபாய் கழிக்கப்பட்டு, மற்றொரு கணக்கில் சேர்க்கப்படுவதற்கு முன் கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் தரவுத்தளம் என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். “ரோல்பேக் ஆயிடும் சார்” என்ற விடை சரியே. ஆனால் கணினியின் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அழிந்தபிறகு எதைக்கொண்டு அது திரும்புகிறது என்பதே வினாவின் உயிர். விருதுநகர் வியாபாரி கடை மும்முரத்தில் வரவு செலவை முதலில் சிட்டையில் கிறுக்கிக்கொண்டு, பேரேட்டில் பிறகு ஏற்றுவதைப் போல, தரவுத்தளமும் தான் செய்யப்போகிற மாற்றம் ஒவ்வொன்றையும் முதலில் லாக் எனப்படும் குறிப்பேட்டில் தொடர்ச்சியாக எழுதுகிறது. அட்டவணையின் பக்கங்கள் சாவகாசமாகவே வட்டுக்குப் போகின்றன. லாக் வட்டில் பத்திரமாகப் பதிந்தபின்னரே “முடிந்தது” என்று பயனருக்கு வாக்குக் கொடுக்கப்படுகிறது.

இம்முறையைச் செம்மையாக வகுத்தவர்களில் முதன்மையானவர் நம் நாட்டவர் என்பதைப் பல கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பதில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் பயின்று, பின்பு அமெரிக்காவில் ஐ.பி.எம். அல்மடேன் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய சி. மோகன், நான்கு சகாக்களுடன் 1992 இல் வெளியிட்ட ஏரீஸ் என்னும் மீட்பு முறையே, அதன்பின் வந்த பல தரவுத்தளங்களுக்கு மாதிரியாயிற்று. அதில் வியக்கத்தக்க அம்சம் ஒன்றுண்டு. மின்சாரம் வந்ததும் இயந்திரம் லாகை மூன்று முறை கடக்கிறது: முதலில் எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று ஆராய்கிறது, பிறகு, பாதியில் நின்றவற்றையும் விலக்காமல், நடந்ததனைத்தையும் நடந்தபடியே திரும்பச் செய்து, விபத்து நேர்ந்த கணத்து நிலையை மறுபடி உண்டாக்குகிறது, அதற்குப் பின்னரே முடியாதவற்றைப் பின்னோக்கி அழித்துக்கொண்டு வருகிறது. அழிக்கப் போவதை எதற்காகத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது எவருக்கும் தோன்றுகின்ற சந்தேகம். சரித்திரத்தை முழுவதும் மீட்டுக்கொண்டால்தான், எந்தப் பக்கம் எந்நிலையில் வட்டுக்குப் போயிற்று என்ற குழப்பமின்றி அழிக்கும் வேலையை நிச்சயத்தோடு செய்யலாம் என்பது விடை. அழித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் நின்றால், ஒருமுறை அழித்ததை இரண்டாம் முறை அழிக்காதிருக்கும்பொருட்டு, அழித்த செயலையும் லாகில் குறித்துவைக்கிறார்கள். “ரெண்டாவது தடவையும் கரண்ட் போச்சுன்னா?” என்ற துணைக் கேள்வி, மனனம் செய்தவனையும் புரிந்துகொண்டவனையும் அரை நிமிஷத்தில் பிரித்துவிடுகிறது. இன்னும் ஆழம் பார்க்க விரும்புகிறவர், வட்டு “எழுதிவிட்டேன்” என்று சொல்வதை நம்பலாமா என்று கேட்கலாம். 2018 இல், லினக்ஸ் இயங்குதளம், வட்டில் எழுதுகையில் நேர்ந்த பிழையை ஒருமுறை மாத்திரம் தெரிவித்துவிட்டு, மறுமுறை கேட்டால் எல்லாம் சரியென்று சொல்லிவிடக்கூடும் என்பதைக் கண்டு போஸ்ட்கிரெஸ் நிர்மாணிகள் திகைத்த வரலாறு உண்டு.

மூன்றாவது சந்தர்ப்பமான, வரிகள் பெருகும்போது எழுகின்ற வேகத்தைப் பற்றிய கேள்வியைச் சுருங்கச் சொல்லி முடிக்கலாம். கேட்கப்பட்டதெல்லாம் தாமதமாக வருகிறதென்றால் ‘இன்டெக்ஸ் போடுவேன்’ என்பது எல்லாரும் தரும் விடை. அது எவ்வாறு விரைவுபடுத்துகிறதென்று கேளுங்கள். போயிங் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மக்ரைட்டும் 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ட பி-மரத்தில், ஒரு பக்கத்துக்கு 300 கிளைகள் என்று கொண்டால், நான்கே படிகளில் 810 கோடி வரிகளை எட்டிவிடலாம். பூமியின் மக்கள் தொகைக்கே ஏறக்குறைய அது போதுமானது. ஊர், பெயர் என்ற முறையில் அமைத்த இன்டெக்ஸ் பெயரை மட்டும் கொண்டு தேடுபவருக்கு ஏன் பெரும்பாலும் உதவாது, ஒவ்வொரு இன்டெக்ஸும் எழுதும் வேலையை எவ்வளவு கனமாக்குகிறது, ஒரே வரியின் எண்ணிக்கையை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கூட்டினால் (அந்தக் கூமாப்பட்டிக் காணொளிகளுக்கு விழுந்த விருப்பங்களை நினைத்துக்கொள்ளலாம்) இன்டெக்ஸ் இருந்தும் ஏன் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள் என்பவை தொடர்ந்து வரவேண்டியவை. அவ்வெண்ணிக்கையைப் பல வரிகளாகப் பிரித்துவைத்துப் பிறகு கூட்டிக்கொள்ளலாமென்று தானாகவே சொல்பவன் அபூர்வம்.

வெற்றிடத்தைப் பற்றியும் ஒரு கேள்வி வேண்டும். ஆயக்கட்டுப் பட்டியலில் இல்லாத சர்வே எண்களையெல்லாம் தருக என்று கேட்கிறோம். அப்பட்டியலில் யாரோ ஒரு வரியில் எண்ணை நிரப்பாமல் விட்டிருக்கிறார். ‘இதில் இல்லாதவை’ என்ற வழக்கமான வாக்கியத்தால் கேட்டால், விடையாக ஒரு நிலமும் வராது. அறியப்படாத அந்த எண் எதுவாகவும் இருக்கலாமாகையால், எந்த நிலத்தையும் பட்டியலில் இல்லை என்று இயந்திரத்தால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. உண்மை, பொய் என்ற இரண்டோடு ‘தெரியாது’ என்ற மூன்றாவதையும் அது கணக்கில் கொள்கிறது. வேலையில் ஒருமுறையேனும் இதில் விழுந்தெழுந்தவர் கேள்வி முடியுமுன்னே சிரித்துவிடுவார்.

தமிழ்நாட்டில் வேலை செய்ய வருகிறவரிடம் கேட்டாக வேண்டியவை என்று நான் கருதுகின்ற இரண்டு, வெளிநாட்டு வினாத்தாள்களில் எளிதில் காணப்படாதவை. ஒன்று, மாறுகின்ற உண்மைகளைப் பற்றியது. கூமாப்பட்டி நிலமொன்றின் 1980 ஆம் ஆண்டுப் பத்திரம் அதை இராமநாதபுரம் மாவட்டத்தில் வைத்திருக்கும். 1985 மார்ச் 15 இல் பிரிக்கப்பட்ட புதிய மாவட்டம் காமராசர் பெயரால் வழங்கி, 1997 இல் விருதுநகர் என்ற பெயரைப் பெற்றது. நிலம் நகரவில்லை, அதன் முகவரி மூன்று முறை எழுதப்பட்டது. பழைய வரியின்மேல் புதியதை எழுதிவிடுகிற அமைப்பில், பழைய பத்திரத்தைத் தேடுகிறவர் அதைக் காணமாட்டார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரையில் எது உண்மை என்பதை அட்டவணையிலேயே எப்படிப் பொதிந்துவைப்பீர்கள் என்று கேட்டு, தாளையும் பேனாவையும் நீட்டிவிட்டுப் பேசாமலிருக்க வேண்டும்.

மற்றொன்று நம் எழுத்தைப் பற்றியது. கூமாப்பட்டி என்பது நம் கணக்கில் ஆறெழுத்து, யூனிகோடு கணக்கில், உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், அது 11 குறிகள், யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது 33 பைட்டுகள். ஊர்ப்பெயருக்குப் பத்து இடம் போதுமென்று அட்டவணை வகுத்தவர் அந்த ஊரையே பதிய முடியாமல் திண்டாடுவார். கோவிலாறு என்பதிலுள்ள ‘கோ’வை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் நிற்கின்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுகின்ற இரண்டும், சீர்படுத்தாமல் சேமித்தால், தேடும் இயந்திரத்துக்கு வெவ்வேறு சொற்களாகும். ஒரே அணை பட்டியலில் இருமுறை இடம்பெற்றுவிடும். இதனை அறியாத தரவுத்தள நிபுணர் பெங்களூரில் பிழைத்துக்கொள்ளலாம். நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் பிழைக்கமாட்டார்.

கேள்வி நன்றாயிருந்தால் மட்டும் போதாது. கேட்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள், 85 ஆண்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 1998 இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு முன்னரே வகுத்த அளவையால் மதிப்பிடும் நேர்முகத்துக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51 என்றும், மனம்போனபடி உரையாடுகிற நேர்முகத்துக்கு 0.38 என்றும், அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு வெறும் 0.18 என்றும் கண்டார்கள். 2022 இல் பால் சாக்கெட்டும் குழுவினரும் கணக்கைத் திருத்தியபோது எண்கள் குறைந்தன. ஆயினும் ஒழுங்கமைந்த நேர்முகமே அக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. “எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்?” என்பதையே முதற் கேள்வியாகக் கேட்டுவருகிற நம் அதிகாரிகள் அந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

ஒரே கேள்விக்குத்தான் நேரமிருக்கிறதென்று நிர்ப்பந்தித்தால், மேற்சொன்ன யாவற்றையும் விட்டுவிட்டு, “கடைசியாக எப்போது ஒரு பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்?” என்பதை நான் கேட்பேன். 2017 ஜனவரி 31 இல், கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், நடுஇரவு அலுப்பில், துணை இயந்திரத்தில் அழிக்க வேண்டிய கோப்புறையை மூல இயந்திரத்தில் அழித்துவிட்டார். தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு சுமார் 4.5 ஜிகாபைட்டாகச் சுருங்கிவிட்டது. பாதுகாப்புக்கென்று ஐந்து ஏற்பாடுகள் இருந்தும், வேண்டிய தருணத்தில் அவற்றுள் ஒன்றும் நம்பத்தக்கதாக இயங்கவில்லை. வேறு காரியத்துக்காக யாரோ ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அந்நிறுவனம் எதையும் மறைக்காமல் மீட்பு வேலையை உலகம் பார்க்க நேரலையில் நடத்தியது. பேக்கப் தினமும் ஓடுகிறதென்று சொல்பவர் ஓடுகின்ற ஒரு நிரலைப் பற்றிச் சொல்கிறார். எந்த மாதத்தில் திரும்ப எடுத்தேன், எத்தனை மணி நேரம் பிடித்தது, எடுத்தபின் எந்த அட்டவணையை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், அப்போது எது காணாமலிருந்தது என்று தேதியோடு சொல்பவரிடம் மேற்கொண்டு சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்.